பழைய காருக்கு மெக்கானிக் தேடுகிறீர்களா? கழற்றுவதற்கு முன் அளக்கிறாரா என்று பாருங்கள்

பத்து வருஷம் ஓடி, லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய வண்டியில் ஒரு கோளாறு வந்தால் இதுதான் காரணம் என்று சட்டெனக் கைகாட்ட முடியாது. அந்த வயதில் வண்டியிலிருக்கும் ரப்பர் எல்லாமே ஏறக்குறைய ஒரே சமயத்தில் காய்ந்து வெடித்திருக்கும். பள்ளத்தில் இறங்கும்போது முன்பக்கம் ‘டொக்’ என்று அடிக்கிறது என்று வையுங்கள். சக்கரத்தை வண்டியோடு இணைத்துத் தாங்கும் லிங்க் ராட், லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், ஸ்ட்ரட் மவுன்ட் என்று நாலுமே கொஞ்சம் கொஞ்சம் தேய்ந்துதான் இருக்கும். நாலில் எதைக் கழற்றிக் கையில் கொடுத்தாலும் “பாருங்க, போயிருச்சு” என்று சொல்லலாம், அதில் பொய்யும் இருக்காது. ஆனால் சத்தம் மட்டும் அப்படியே இருக்கும். அடுத்த பாகம், அடுத்த பில்.

பழைய வண்டிக்காரர்களின் பணம் பெரும்பாலும் இப்படித்தான் கரைகிறது. ஏமாற்றுகிறவர் என்று பெயரெடுத்தவரிடம் யாரும் இரண்டாம் முறை போவதில்லை. நல்ல மனிதர், கை சுத்தம், வேலையும் வேகம், ஆனால் சோதிக்காமல் ஊகத்தில் மாற்றுகிறவர் என்றால் வருஷக்கணக்கில் அவரிடமே போய்க்கொண்டிருப்போம். அதனால் மெக்கானிக்கை எடைபோட ஒரே கேள்வி போதும் என்பது என் கருத்து: ஒரு பாகத்தை மாற்றச் சொல்வதற்கு முன் எதையாவது அளந்தாரா, அந்த அளவை உங்களுக்குக் காட்டினாரா?

மேலே சொன்ன ‘டொக்’ சத்தத்தையே எடுத்துக்கொள்வோம். வேலை தெரிந்தவர் முதலில் உங்களோடு வண்டியில் ஏறி அதே பள்ளத்தில் ஓட்டிக் கேட்பார். பிறகு முன்சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுவார். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். அப்போதே இன்னொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்வார். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயின்ட் பக்கம் பார்க்க வேண்டும். இடமும் வலமுமாக ஆட்டிப் பார்ப்பது, ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டுக்காக. எதிலும் ஆட்டம் இல்லையென்றால் இரண்டு பக்க லிங்க் ராடையும் கழற்றிக் கட்டிவைத்துவிட்டு மெதுவாக ஒரு சுற்று ஓட்டுவார். சத்தம் போய்விட்டால் குற்றவாளி அகப்பட்டாயிற்று. இதற்கு ஒரு ஸ்பேர் பார்ட்டும் வாங்கவில்லை, நேரமும் அரை மணிக்கு மேல் ஆகாது.

வண்டி நிற்பதற்கு முன்பே ஆளைத் தேடிவைத்துவிடுங்கள். நடுரோட்டில் புகை கிளம்பிய பிறகு எந்தப் பட்டறை பக்கத்தில் இருக்கிறதோ அங்கேதான் போவோம். உங்கள் மாடல் காரையே வைத்து உங்களைவிட அதிகம் ஓட்டியவர்களிடம் கேளுங்கள். வாடகைக்கு ஓட்டுகிறவர்களுக்கு வண்டி ஒருநாள் நின்றால் ஒருநாள் வருமானம் போச்சு, அதனால் அவர்கள் சொல்லும் பெயருக்கு மதிப்பு உண்டு. பலரும் நினைத்துப்பார்க்காத இன்னொரு இடம் ஸ்பேர் பார்ட்ஸ் கடை கவுன்ட்டர். யார் பார்ட் நம்பரோடு வந்து சரியான சாமான் கேட்கிறார், யார் ‘எது மலிவோ அதைக் கொடு’ என்கிறார், யார் வாங்கியதை மறுநாள் ‘இது இல்லை’ என்று திருப்பிக் கொண்டுவருகிறார் என்பதெல்லாம் அங்கே இருப்பவர்களுக்கு அத்துபடி.

பட்டறைக்குப் போனால் சுவரின் சுத்தத்தைவிடச் சாமான்களைப் பாருங்கள். வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர், எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச், ஓடும்போதே அளவுகளைக் காட்டும் ஸ்கேனர், தூக்கிய வண்டியின் அடியில் நிறுத்தும் ஸ்டாண்ட் இருக்க வேண்டும். வெறும் ஜாக்கை நம்பி வண்டிக்கு அடியில் படுக்கிறவர் தன் உயிரையே பொருட்படுத்தாதவர், உங்கள் பிரேக்கை எப்படிப் பொருட்படுத்துவார்? பானட் திறந்தபடி தூசி படிந்து நிற்கும் வண்டிகள் நிறைய இருந்தால், கழற்றியதை மாட்ட முடியாமல் திணறுகிறார்கள் என்று அர்த்தமாக இருக்கலாம். ஏன் நிற்கின்றன என்று வாய்விட்டே கேளுங்கள். பார்ட் வரவில்லை என்பது நியாயமான பதில்தான்.

முதல் வேலையாகப் பெரிய வேலை எதையும் கொடுக்காதீர்கள். ஆயில் மாற்றுவதும் பிரேக் பார்ப்பதும் போதும், ஒருவரின் கைப்பழக்கம் முழுக்க அதிலேயே தெரிந்துவிடும். வண்டிக்கு எந்த கிரேடு ஆயில், எத்தனை லிட்டர் என்று கையேட்டைப் பார்க்கிறாரா, இல்லை எல்லா வண்டிக்கும் ஒரே டிரம்மா? டிரெயின் போல்ட்டின் வாஷரைப் புதிதாகப் போடுகிறாரா? அது நசுங்கி அடைக்கும் சின்ன உலோக வளையம். பழையதையே போட்டால் கசியும், கசிவை நிறுத்த இன்னும் இறுக்குவார்கள், ஆயில் தேங்கும் அலுமினிய சம்ப்பின் மரை போய்விடும். புது ஃபில்டரின் ரப்பரில் ஆயில் தடவிக் கையால்தான் இறுக்க வேண்டும். பழைய ஃபில்டரின் ரப்பர் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பழைய ரப்பர் மேல் புதியது உட்கார்ந்தால் போகிற வழியிலேயே ஆயில் மொத்தமும் கொட்டிவிடும். முடித்ததும் இன்ஜினை ஓடவிட்டு, நிறுத்தி, சில நிமிஷம் கழித்து சமதளத்தில் அளவுக்குச்சியைப் பார்க்க வேண்டும். அதிகம் ஊற்றுவதும் கெடுதல்தான், இன்ஜினுக்குள் சுழலும் கிராங்க் தண்டு அதை நுரையாக அடித்துவிடும்.

பிரேக்கை எப்படிப் பார்க்கிறார் என்பது இதைவிட முக்கியம். சக்கரத்தைக் கழற்றாமல் ஓட்டை வழியாக எட்டிப்பார்த்து “பேட் நல்லாருக்கு” என்றால், அவர் பார்த்தது வெளிப் பேடை மட்டும். உள்பக்கப் பேட்தான் ஆளைக் கவிழ்ப்பது. பேடை டிஸ்க்கில் அழுத்தும் கேலிப்பர் நகர்வதற்கு இரண்டு பின்கள் உண்டு. அவை துருப்பிடித்து இறுகிவிட்டால் கேலிப்பர் நகராமல், பிஸ்டன் பக்கத்து உள் பேட் மட்டும் தேய்ந்துகொண்டே போகும். வெளியே பார்த்தால் 7 மி.மீ. இருக்கும், உள்ளே பேடின் இரும்புத் தகடே டிஸ்க்கை உரசிக்கொண்டிருக்கும். புதுப் பேட் பெரும்பாலும் 10 முதல் 12 மி.மீ. வரை இருக்கும், 3 மி.மீ.-க்கு வந்தால் மாற்றிவிட வேண்டும். உள்ளும் வெளியும் ஒரே அளவில் தேயவில்லையென்றால் பேடை மட்டும் மாற்றிப் பயனில்லை. பின்களை இழுத்துத் துடைத்து, பிரேக்குக்கென்றே வரும் கிரீஸைத் தடவ வேண்டும். சாதாரண கிரீஸ் அங்கிருக்கும் ரப்பரை ஊதவைத்து மறுபடி இறுக்கிவிடும்.

டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமனை அதன் விளிம்பிலோ நடுவிலோ பொறித்திருப்பார்கள், அதைப் படித்து மைக்ரோமீட்டர் வைத்து அளக்கிறவர் கிடைத்தால் விடாதீர்கள். பிரேக் போட்டால் ஸ்டியரிங் நடுங்குகிறது என்றதும் டிஸ்க்கை மாற்றச் சொல்வது வழக்கம். பல சமயம் டிஸ்க்குக்கும் அது உட்காரும் ஹப்புக்கும் நடுவே படிந்த துருப்பொறுக்குதான் டிஸ்க்கைக் கோணலாக உட்காரவைத்திருக்கும். பத்தில் ஒரு மி.மீ. ஆட்டம்கூட மிதியில் தெரியும். துருவைத் தேய்த்து எடுக்காமல் புது டிஸ்க்கை மாட்டினால் சில ஆயிரம் கிலோமீட்டரில் அதே நடுக்கம் திரும்பும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 வகைக்கு, புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், ஈரம் ஏறிய பிறகு 155 இருந்தாலே தரத்துக்குள் வந்துவிடும். மலையிறக்கத்தில் பிரேக் திடீரென்று மெத்தையாக அமுங்குவதற்கு, ஈரம் ஏறிய ஆயில் சூட்டில் கொதித்துவிடுவது ஒரு முக்கியக் காரணம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றி, நாலு சக்கரத்திலும் ஏர் எடுத்துவிடுங்கள்.

சக்கரத்தை மாட்டும்போது நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, வண்டி தரையில் இறங்கியதும் டார்க் ரெஞ்ச்சில் முடிக்க வேண்டும். பெரும்பாலான குடும்பக் கார்களுக்கு 90 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் வரும், சரியான எண் கையேட்டில் இருக்கும். ஏர் கன்னில் ‘டர்ர்’ என்று அடித்துவிட்டு அனுப்புகிறார்களா? பஞ்சர் ஆகும் அன்றைக்கு அந்த நட்டை உங்களால் கழற்ற முடியாது.

கோளாறை எப்படிச் சொல்வது

இதில் பாதிப் பொறுப்பு நம்முடையது. “ஃபியூவல் பம்ப் போயிருச்சுன்னு நினைக்கிறேன், மாத்திடுங்க” என்று போய் நின்றால் அவர் மாற்றத்தான் செய்வார். கோளாறு சரியாகாவிட்டால் அது அவர் தப்பும் ஆகாது. நீங்கள் சொல்ல வேண்டியது கண்டது, கேட்டது, முகர்ந்தது மட்டும். காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, சூடானபிறகா? எந்த வேகத்தில்? ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போதா, விடும்போதா? திருப்பத்திலா, நேர்ரோட்டிலா? ஏசி போட்டால் மாறுகிறதா? ஃபோனில் சத்தத்தைப் பதிவுசெய்துகொண்டு போவது நல்லது, பட்டறைக்குள் நுழைந்ததும் சத்தம் ஒளிந்துகொள்வது எல்லோருக்கும் நடப்பதுதான்.

இந்தத் தகவலை வைத்தே நல்ல மெக்கானிக் பாதி தூரம் போய்விடுவார். வேகத்தோடு கூடும் இரைச்சல் வலது பக்கம் வளைக்கும்போது இன்னும் அதிகமானால், எடை ஏறும் இடது பேரிங் மேல் சந்தேகம். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது ‘கடக் கடக்’ என்றால் ஆக்சிலின் வெளி ஜாயின்ட். அதன் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் வெளியே தெறித்திருப்பதையும் கண்ணாலேயே காணலாம். திரும்ப நாலு கேள்வி கேட்கிறவரை நம்பலாம். கேள்வியே இல்லாமல் விலை சொல்கிறவரிடம் நிதானமாக இருங்கள்.

ஸ்கேனர் சொல்வது பாகத்தின் பெயர் அல்ல

செக் இன்ஜின் விளக்கு எரிந்ததும் ஸ்கேனரைச் சொருகி, வந்த எண்ணைப் படித்து, அதிலிருக்கும் பெயருக்குரிய பாகத்தை மாற்றுவது இன்று ரொம்பப் பரவிவிட்ட தவறு. உதாரணமாக பி0171 என்ற எண்ணுக்கு, இன்ஜினுக்குள் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போகவில்லை என்று பொருள். அதைக் கவனித்துச் சொன்னது, புகையில் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார். தகவல் கொண்டுவந்தவரையே குற்றவாளியாக்கி சென்சாரை மாற்றுவார்கள். உண்மையில் வெடித்த வாக்குவம் ஹோஸ், அழுக்கடைந்த ஏர் ஃப்ளோ சென்சார், அழுத்தம் குறைந்த ஃபியூவல் பம்ப் என எதுவாகவும் இருக்கலாம். இன்டேக்கில் புகை செலுத்தி எங்கே கசிகிறது என்று பார்ப்பதும், பெட்ரோல் அழுத்தத்தை அளப்பதும்தான் அடுத்த படி.

மிஸ்ஸிங் அடிக்கும் வண்டியில் மெக்கானிக்கின் தரம் இன்னும் தெளிவாகத் தெரியும். பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக உள்ள நாலு சிலிண்டர் பெட்ரோல் வண்டி, ஸ்கேனரில் பி0302, அதாவது இரண்டாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை. அவசரக்காரர் நாலு காயிலையும் மாற்றச் சொல்வார். சோதிக்கிறவர் இரண்டாவது காயிலைக் கழற்றி மூன்றாவதில் போட்டு, மூன்றாவதை இங்கே போட்டு, ஸ்கேனரில் வந்த எண்ணை அழித்துவிட்டு ஓடவிடுவார். இப்போது பி0303 வந்தால் காயில்தான், ஒன்று மட்டும் வாங்கினால் போதும். மறுபடி பி0302 என்றே வந்தால் காயில் நல்லது, பிளக்கை இதேபோல் இடம் மாற்றிப் பார்ப்பார். அதற்கும் அசையவில்லையென்றால் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், பிறகு கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம். காயிலை உருவும்போதே அதன் நுனியில் ஆயில் இருக்கிறதா என்றும் பார்ப்பார். இருந்தால் வால்வ் கவரின் சீல் கசிந்து பிளக் குழிக்குள் ஆயில் இறங்குகிறது, அதைச் சரிசெய்யாமல் புதுக் காயில் போட்டால் அதுவும் போய்விடும். இடையில் செக் இன்ஜின் விளக்கு மினுக்கத் தொடங்கினால் வண்டியை ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதையில் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எரித்துவிடும்.

கம்ப்ரஷன் பார்த்தால் நாலு சிலிண்டருக்கும் எழுதித் தரச் சொல்லுங்கள். எண் எவ்வளவு என்பதைவிட நாலுக்கும் நடுவே எவ்வளவு வித்தியாசம் என்பதே முக்கியம், 15 சதவீதத்துக்கு மேல் என்றால் கவலை. குறைவான சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் அடைத்துநிற்கும் ஹெட் கேஸ்கெட். “இன்ஜின் வேலை” என்ற பெரிய வார்த்தை வரும்போது இந்த இரண்டு வரிசை எண்களும் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

வண்டி ஹீட் ஆனாலும் இதே கதைதான். எடுத்த எடுப்பில் “ஹெட்டை இறக்கணும்” என்று சொன்னால் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். முதலில் குளிர்ந்த நிலையில், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் அளவு. பிறகு ரேடியேட்டர் மூடியில் பொறித்திருக்கும் அழுத்தத்துக்கு, பெரும்பாலும் 0.9 அல்லது 1.1 பார், பம்ப் வைத்து ஏற்றி, இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஃபேன் சரியான சூட்டில் ஓடுகிறதா, சூடானதும் கூலன்ட்டுக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் பெரும்பாலும் 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்க வேண்டுமே, திறக்கிறதா? இவை சரியென்றால் கூலன்ட்டில் எரிந்த வாயு கலந்திருக்கிறதா என்று காட்டும் நீலத் திரவச் சோதனை. நீலம் மஞ்சளாக மாறினால்தான் ஹெட் கேஸ்கெட் பேச்சு. ஆயில் மூடிக்கு அடியில் வெண்ணெய்போல் ஒட்டியிருப்பதை மட்டும் ஆதாரமாக ஏற்காதீர்கள், தினம் இரண்டு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியிலும் நீராவி குளிர்ந்து ஆயிலோடு கலந்து அப்படி ஆகும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு “இனி ஹீட் ஆகாது” என்று அனுப்புகிறவரிடம் திரும்பப் போகாதீர்கள். இன்ஜின் உரிய சூட்டுக்கே வராது, பெட்ரோல் அதிகம் குடிக்கும், ஆயில் கசடாகும், உண்மையான காரணமும் மறைந்தே வளரும். வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டச் சொல்வதும் அப்படியே. கூலன்ட்டும் காய்ச்சி வடித்த நீரும் பாதிக்குப் பாதி என்பதே பொதுவான கலவை. துருவைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் கூலன்ட்தான்.

பேட்டரி விஷயம் சுருக்கமானது. ராத்திரி நின்ற வண்டியில் 12.6 வோல்ட் என்றால் நிறைந்திருக்கிறது, 12.2 பாதி. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி பலவீனம். ஓடும் இன்ஜினில் 13.8 முதல் 14.7 வரை வந்தால் பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் பொதுவாக நலம். வருஷத்துக்கு ஒரு பேட்டரி போகிறதென்றால், எல்லாம் அணைத்தபின்னும் மின்சாரம் எங்கேயோ ஒழுகுகிறதா என்று பாருங்கள். 50 மில்லியாம்பியருக்குள் இருக்க வேண்டும். ஏசி கேஸும் தானாகத் தீர்ந்துபோகும் பொருள் அல்ல. குறைந்திருந்தால் கசிகிறது. கசிவைத் தேடாமல் நிரப்புவது அடுத்த கோடைக்கு அதே பில்லை எழுதிவைப்பதற்குச் சமம்.

எஸ்டிமேட், பார்ட்ஸ்

பழைய வண்டியைப் பார்த்தால் பதினைந்து குறைகள் எழுதலாம். எல்லாவற்றையும் செய்யத் தேவையில்லை. உயிருக்கு ஆபத்தானது எது, தள்ளிப்போட்டால் பெரிய செலவாவது எது, ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்பது எது என்று பிரித்துத் தரச் சொல்லுங்கள். பிரேக், ஸ்டியரிங், பால் ஜாயின்ட், டயர் முதலில். வால்வ் கவர் லேசாக வியர்ப்பது கடைசியில். வால்வுகளைப் பிஸ்டனோடு இசைவாக ஓட்டும் டைமிங் பெல்ட் சத்தமே போடாமல் அறுந்துபோகும், அதனால் அது எப்போதும் மேலே. 60,000 முதல் 1,00,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்லும் வண்டிகள் அதிகம், கூடவே வருஷக் கணக்கும் உண்டு. குறைவாக ஓடினாலும் ரப்பருக்கு வயதாகும். பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வுகளை வளைத்துவிடும். மாற்றும்போது பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர், அது உருளும் ஐட்லர், அந்தப் பெல்ட்டே ஓட்டுவதாக இருந்தால் வாட்டர் பம்ப்பும் சேர்த்து மாற்றச் சொல்கிறவர் உங்களிடம் அதிகம் பிடுங்கவில்லை. கூலியின் பெரும்பகுதி அங்கே போய்ச் சேர்வதற்குத்தான், அடுத்த வருஷம் பம்ப் மட்டும் கசிந்தால் அதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டும்.

பார்ட்ஸில் எல்லாம் ஒரிஜினலாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் தேவையில்லை. ஏர் ஃபில்டர், வைப்பர் போன்றவற்றில் பெயருள்ள வேறு கம்பெனி போதும். கதவு, கண்ணாடி, சுவிட்ச் எல்லாம் பழைய வண்டியில் கழற்றியதே நன்றாக உழைக்கும். டைமிங் பெல்ட், தெர்மோஸ்டாட், கிராங்க் சென்சார், ஆக்சிஜன் சென்சார், பிரேக் சிலிண்டர் ஆகியவற்றில் கார் கம்பெனிக்கே தயாரித்துக் கொடுக்கும் நிறுவனத்தின் சாமானுக்குக் கீழே இறங்காதீர்கள். எந்த பிராண்ட், என்ன பார்ட் நம்பர் என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள், வேலைக்கு முன்பே சொல்லிவைத்தால் சங்கடம் வராது.

மெக்கானிக் பக்கத்து நியாயத்தையும் பார்க்க வேண்டும். கண்டுபிடிப்பதற்கு ஆன இரண்டு மணி நேரத்துக்குக் கூலி கேட்டால் கொடுங்கள். அதற்குக் கொடுக்க மனமில்லாதவர்களால்தான் பலர் சோதிப்பதை விட்டுப் பாகம் விற்கப் போனார்கள். பழைய போல்ட் கழற்றும்போது முறிவதும் அவர் குற்றமல்ல. எக்ஸாஸ்ட் போல்ட், பிரேக்கில் ஏர் எடுக்கும் நிப்பிள் போன்றவை துருவேறி அப்படி ஆகும். முறிந்தால் எவ்வளவு கூடும் என்பதை முன்கூட்டியே அவர் சொல்லிவிட்டால் நல்லவர் கையில் வண்டி இருக்கிறது. “ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் நான் தொடமாட்டேன், அதுக்குன்னு இருக்கிறவர்கிட்ட போங்க” என்று அனுப்புகிறவரை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

டாஷ்போர்டில் ஒரு நோட்டு வையுங்கள். தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, பார்ட் நம்பர், அளந்த எண்கள். போன வருஷம் 7 மி.மீ. இருந்த பேட் இன்று 5 என்றால் அடுத்தது எப்போது என்பது உங்களுக்கே தெரியும், வேறு ஆளிடம் போக நேர்ந்தாலும் கதை முதலிலிருந்து தொடங்காது.

வேலை முடிந்து வண்டி வந்த அன்று ராத்திரி இன்ஜினுக்கு அடியில் ஒரு அட்டையை விரித்துவையுங்கள். காலையில் அதில் சொட்டு இருந்தால் நிறத்தைப் பாருங்கள்: கறுப்போ பழுப்போ ஆயில், பச்சையோ இளஞ்சிவப்போ என்றால் பெரும்பாலும் கூலன்ட், வெறும் தண்ணீர் என்றால் ஏசியிலிருந்து வந்தது. ஸ்டார்ட் செய்வதற்கு முன் கூலன்ட் அளவையும் பார்த்துவிடுங்கள், உள்ளே தங்கிய காற்று வெளியேறி அளவு இறங்கியிருக்கலாம். சக்கரத்தைக் கழற்றிய வேலை என்றால் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை ஒருமுறை டார்க் ரெஞ்ச்சில் பார்க்கச் சொல்லி அதே பட்டறைக்குப் போங்கள்.